ஆளெல்லாம் இறங்கியாச்சு

ஜூலை 6, ஞாயிறு

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர் வேலை. எந்தக் கம்பத்தில் என்ன பழுது, எப்போது சரியானது என்று ஆபீஸ் ரிஜிஸ்டரில் எழுதுவதோடு என் எழுத்து முடிந்தது. மித்ராவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷர்மிளா மேடம்தான், பூங்கொடி ஊரில் இல்லாத நாட்களில் வீட்டில் நடப்பதை எழுதி வையுங்கள் என்றார். மித்ரா என்ன செய்தாள் என்பது மட்டும் போதாதாம். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் நாங்கள் என்ன செய்தோம் என்பதும் வேண்டுமாம். அலங்காரம் தேவையில்லை என்றார். எனக்கு அலங்காரம் வந்தால்தானே.

இன்று மாலை பூங்கொடியைத் திருப்பூரில் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டோம். அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். டயாலிசிஸ் பிரிவுக்கான பயிற்சி, ஆகஸ்ட் நடுவரை. முடித்துவிட்டால் பகல் டியூட்டி மட்டும்தான். ராத்திரி டியூட்டிக்கு ஓடி ஓடி அவள் உடம்பு பாதியாகிவிட்டது. போன வருஷமே இந்தப் பயிற்சிக்கு அவள் பெயர் வந்தது. மித்ராவை விட்டுவிட்டு வர முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இந்த முறையும் விட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். மூன்றாவது முறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ரயில் ஜன்னல் வழியாக அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "முடியலைன்னா கூப்புடுங்க. அடுத்த வண்டியிலயே வந்தர்றேன்."

நான் கூப்பிடப் போவதில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மித்ராவுக்கு எட்டு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். ரயில் சத்தத்துக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கை அசைத்ததைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் கூடும், அவள் விஷயத்தில் அடித்துச் சொல்ல முடியாது.

ஜூலை 7, திங்கள்

எங்கள் ஹாலில் ஒரு பேசும் ஸ்பீக்கர் இருக்கிறது. பூங்கொடி வாங்கியது. அதன் பெயர் நிலா. 'ஹலோ நிலா' என்று கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்லும். இன்ன நேரத்துக்கு இன்னது சொல் என்று போனில் எழுதிவைத்தாலும் சொல்லும். மித்ராவின் ஒரு நாள் முழுவதையும் பூங்கொடி அதற்குள் எழுதிவைத்திருக்கிறாள். நான் அதை டப்பா என்றுதான் சொல்வேன். இந்த வீட்டில் செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தமாகப் பேசுவது அது ஒன்றுதான்.

காலையில் டப்பா சொன்னது: "காலை வணக்கம், மித்ரா. இப்போது பல் தேய்க்கும் நேரம்." மித்ரா எழுந்தாள். "இப்போது பல் தேய்க்கும் நேரம்" என்று சொல்லிக்கொண்டே போய்ப் பல் தேய்த்தாள். டப்பா "நன்று" என்றது.

அடுத்தது குளியல். டப்பா முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிப் பார்ப்போம் என்று, "குளிக்கப் போலாமா, கண்ணு?" என்றேன். "குளிக்கப் போலாமா கண்ணு" என்றாள். வா என்றேன். வா என்றாள். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நான் குரலை உயர்த்தினேன். அவளும் அதே அளவுக்கு உயர்த்தினாள். கிளிப்பிள்ளை மாதிரி நான் சொல்வதையே எனக்குச் சொன்னால் எவனுக்குத்தான் கோபம் வராது? அதற்குள் டப்பா வாயைத் திறந்தது. "இப்போது குளிக்கும் நேரம்." மகராசி போய்விட்டாள்.

பெற்றவன் நான். அது கடையில் வாங்கிய டப்பா.

ஜூலை 9, புதன்

பேய்க்காற்று. மரம் சாய்ந்து மூன்று இடத்தில் கம்பி அறுந்தது. கீழ் வீட்டு சரசு அக்கா மித்ராவுக்குத் தயிர்சாதம் ஊட்டியிருந்தார்.

ஜூலை 10, வியாழன்

காற்று இன்றும் நிற்கவில்லை. ஆபீசிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. ஒரு போனில் இருக்கும்போது டப்பா "இப்போது வீட்டுப்பாடம் செய்யும் நேரம்" என்று ஆரம்பித்தது. மறுமுனையில் சொல்வது கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

அதற்குப் பின்னால் நடந்தது: மித்ரா வலது கையைக் கடித்துக்கொண்டாள். பெருவிரலுக்குக் கீழே, நல்ல ஆழம். மருந்து போட்டேன். பிளக்கை மறுபடி சொருகினேன்.

ஜூலை 11, வெள்ளி

இன்று சீக்கிரம் வந்துவிட்டேன். சட்டையைக் கூடக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்து இரண்டு பேரையும் கவனித்தேன்.

மித்ரா கேட்டாள்: "ஹலோ நிலா, நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?" நாளை விடுமுறை என்றது. மறுபடி கேட்டாள். நாளை விடுமுறை என்றது. திரும்பத் திரும்ப அதே கேள்வி, திரும்பத் திரும்ப அதே பதில். குரலில் ஒரு சுருதி ஏறவில்லை, இறங்கவில்லை. மூன்றாவது தடவையிலேயே நான் "எத்தனை வாட்டிடி சொல்றது" என்று கத்தியிருப்பேன். பூங்கொடி கத்தமாட்டாள், ஆனால் பெருமூச்சு விடுவாள். மித்ராவுக்குப் பெருமூச்சும் கத்தலும் ஒன்றுதான்.

அப்புறம் மித்ரா கேட்டது இது: "ஹலோ நிலா, அம்மா எப்ப வருவா?"

"மன்னிக்கவும், அது எனக்குத் தெரியவில்லை."

இதையும் அவள் விடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவளுக்கு இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியும். என்னிடம் கேட்கவில்லை.

பூங்கொடியிடம் போனில் வழி கேட்டு, முதல் முறையாக நானே டப்பாவுக்கு ஒரு வாசகம் எழுதிவைத்தேன். இனி தினமும் சாப்பாட்டுக்கு முன் அது சொல்லும்: "அம்மா ஆகஸ்ட் பதினாறு காலை வருவார்."

ஜூலை 13, ஞாயிறு

பூங்கொடி வீடியோவில் வந்தாள். மெலிந்திருக்கிறாள். ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லையாம். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றேன். போனை மித்ராவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன், கழுத்துக்குக் கீழே தெரியாதபடி.

ஜூலை 15, செவ்வாய்

ஷர்மிளா மேடத்திடம் போனோம். எழுதியதைப் படித்துப் பார்த்தார். கிளிப்பிள்ளை என்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். கோபிக்கவில்லை.

மித்ரா திருப்பிச் சொல்வது கேலி இல்லை என்றார். சில சமயம் காதில் விழுந்துவிட்டது என்று சொல்வதாக இருக்கும், சில சமயம் பதில் தேட நேரம் எடுத்துக்கொள்வதாக இருக்கும், சில சமயம் சரி என்பதாகவும் இருக்கும் என்றார். அவள் திருப்பிச் சொன்னதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் சார் என்று கேட்டார். இன்னொரு தடவை சத்தமாகச் சொல்வேன் என்றேன். மேற்கொண்டு அவர் நிறையச் சொன்னார். சிவன்மலை ரோட்டு டிரான்ஸ்ஃபார்மர் விஷயமாக போன் அதிர்ந்துகொண்டே இருந்ததால் பாதிதான் மனதில் ஏறியது.

ஸ்பீக்கர் பற்றிச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அது நல்ல கைப்பிடி, படி ஏற உதவும், ஆனால் கைப்பிடியையே பிடித்துக்கொண்டு நின்றுவிடக் கூடாது என்றார். அதனால் சில பதில்களை மாற்றச் சொன்னார். பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டால், "இதை அப்பாவிடம் கேள்" என்று நிலா சொல்ல வேண்டுமாம். ஆகட்டும் மேடம் என்றேன். என்னிடம் அவள் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

ஜூலை 18, வெள்ளி

மாதாந்திரப் பராமரிப்பு அடுத்த சனிக்கிழமை, 26ஆம் தேதி. பேப்பரிலும் போட்டுவிட்டார்கள். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. என் தலைமையில் வேலை. எங்கள் வீடும் அதே லைனில்தான் இருக்கிறது. சனிக்கிழமை மித்ராவுக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது.

இன்று எண்ணெய் மில்லுக்கு முன்னால் ஒரு கம்பத்தில் வேலை. கம்பத்தில் ஏறுவதற்கு முன் சப்ஸ்டேஷனுக்கு போன் செய்து லைன் கிளியர் வாங்க வேண்டும். கரண்ட்டை நிறுத்தியாயிற்று, ஏறலாம் என்று அவர்கள் தரும் உத்தரவு அது. அங்கே ஆபரேட்டர் லூர்துசாமி அண்ணன் சொல்வதை நான் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சொல்வதை அவர் திருப்பிச் சொல்வார். ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து ஆரம்பிப்போம். முடிக்கும்போதும் இதே கதைதான். மில்காரருக்குக் கொப்பரை ஆட்டுகிற அவசரம். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "ஏனுங்க இன்ஸ்பெக்டரே, கிளிப்பிள்ளையாட்டம் அவரு சொன்னதையே நீங்களும் சொல்லீட்டு நிக்கறீங்க. கரண்ட எப்பத்தான் உடுவீங்க?" என்றார்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. திருப்பிச் சொன்னால்தான் மேலே இருப்பவன் உயிரோடு இறங்குவான் என்று அவருக்கு நன்றாகவே உறைக்கும்படி சொல்லிவிட்டு வந்தேன். வேலை தெரியாதவர்களுக்கு வாய் மட்டும் நீளம்.

ஜூலை 20, ஞாயிறு

26ஆம் தேதிக்கு என்ன செய்வது என்று பூங்கொடியோடு பேசினேன். கரண்ட் இல்லாவிட்டால் டப்பா ஊமை. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. பூங்கொடி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். மின்வாரியக்காரன் வீட்டில் இன்வெர்ட்டர் வைத்தால் ஊர் சிரிக்காதா? 'உங்க கரண்ட்ட நீங்களே நம்பறதில்லீங்களா' என்று டீக்கடையில் கேட்பார்கள். அந்த மானத்துக்காக இத்தனை வருஷம் விசிறிக்கொண்டு கிடக்கிறோம்.

திடீரென்று எது மாறினாலும் மித்ராவுக்கு ஆகாது, முன்கூட்டித் தெரிந்தால் தாங்கிக்கொள்வாள். அதனால் டப்பாவையே சொல்லவைத்தேன். இன்று முதல் தினமும் மாலையில் அது சொல்லும்: "சனிக்கிழமை மின்சாரம் இருக்காது. நான் பேசமாட்டேன். ஐந்து மணிக்குப் பேசுவேன்." நல்ல யோசனை என்று பூங்கொடி பாராட்டினாள். அதை எழுதாமல் விட மனமில்லை.

ஜூலை 23, புதன்

மித்ரா என் முன்னால் வந்து நின்று, "இதை அப்பாவிடம் கேள்" என்றாள். என்ன கேட்கச் சொல்கிறாள் என்று விழித்தேன். மறுபடியும் சொன்னாள். அப்புறம்தான் விளங்கியது. டப்பாவிடம் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டிருக்கிறாள். அது என்னிடம் அனுப்பியிருக்கிறது. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு கண்ணு என்றேன். "உண்டு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தோசை கருகிவிட்டது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.

ஜூலை 26, சனி

இன்று எழுதக் கை வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மித்ராவைச் சரசு அக்காவிடம் விட்டேன். எங்கள் வீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். ஒன்பது மணிக்குக் கரண்ட் நின்றது. "மின்சாரம் இருக்காது. நான் பேசமாட்டேன்" என்று மித்ரா தானே சொல்லிக்கொண்டு, பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கி விளையாடினாளாம். மதியம் தயிர்சாதம். ஒரு தொந்தரவும் இல்லை என்று அக்கா போனில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிரச்சினை என் பக்கம்தான் வந்தது. வேலை முடியும் தறுவாயில் காற்றுக்கு ஒரு தென்னை சாய்ந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பியோடு படுத்துவிட்டது. மரத்தை அறுத்து, கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். வழக்கமாக நாங்கள் நான்கு மணிக்கெல்லாம் முடித்துவிடுவோம். ஐந்து என்று பேப்பரில் போடுவது சும்மா ஒரு கணக்குக்கு. அந்தக் கணக்கைத்தான் நான் டப்பாவுக்கு எழுதிவைத்திருந்தேன். பேப்பரில் போட்ட நேரத்தை ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. என் பெண் ஒருத்தி நம்பினாள்.

ஐந்து மணி ஆனது. மேலே இரண்டு பேர் கம்பத்தில் இருந்தார்கள். அக்காவின் போன் வந்தது. பின்னால் மித்ராவின் அலறல். சுவரில் தலையை முட்டுகிறாள், பிடித்தால் உதறுகிறாள், பயமாக இருக்கிறது என்றார். "தம்பி, நான் பூங்கொடிக்கும் போன் பண்ணீட்டேன். எனக்கு வேற வழி தெரீல."

போனை ஸ்பீக்கரில் போட்டு மித்ரா பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அழாதே கண்ணு, அப்பா வந்துவிடுவேன் என்றேன். அலறல் கூடியது. வழக்கம்போல என் குரலும் ஏறியது. அதற்கு நடுவில் அவள் ஒரே வாக்கியத்தைக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஐந்து மணிக்குப் பேசுவேன்."

அந்த நேரத்தில் எனக்கு ஞானம் எதுவும் பிறக்கவில்லை. காலையிலிருந்து லூர்துசாமி அண்ணனோடு போனில் பேசிப் பேசி வாய் அதற்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான். அவரிடம் சொல்கிற அதே குரலில், "ஐந்து மணிக்குப் பேசுவேன்" என்று திருப்பிச் சொன்னேன்.

அலறல் நின்றது. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். கட்டாகவில்லை. மூச்சு இரைப்பது கேட்டது. மெதுவாக, "மின்சாரம் இல்லை" என்றாள்.

"மின்சாரம் இல்லை" என்றேன்.

"நான் பேசமாட்டேன்."

"நான் பேசமாட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வா என்றால் வா என்று அவள் சொல்லும்போதெல்லாம், நீ சொன்னது வந்து சேர்ந்தது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் சொன்னது வந்து சேர்ந்தது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. டப்பா கூட எத்தனை தடவை கேட்டாலும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிவிடுகிறது. நான் கம்பத்தின் மேல் ஆளை நிறுத்திவிட்டு பதிலே பேசாமல் இருக்கிற ஆபரேட்டராக இருந்திருக்கிறேன்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐந்து மணி முடிந்தது. மரம் விழுந்தது. வேலை முடியவில்லை. ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொல்லும்வரை அடுத்ததற்குப் போகவில்லை. வேலை முடிந்ததும் அப்பா போன் செய்வேன் என்றேன். "வேலை முடிந்ததும் அப்பா போன் செய்வேன்" என்றாள். அதற்கப்புறம் அவள் அழவில்லை என்று அக்கா சொன்னார்.

கம்பியைக் கட்டி முடித்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. ஆட்களை இறக்கி, பாதுகாப்புக்குப் போட்ட எர்த் கம்பியைக் கழற்றி, எல்லாவற்றையும் நானே ஒரு முறை பார்த்துவிட்டு லூர்துசாமி அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணா, ஒரே ஒரு நிமிஷம். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்தர்றேன்" என்றேன். முப்பது வருஷ சர்வீஸ்காரர். என்ன ஏது என்று கேட்கவில்லை. இருக்கிறேன் என்றார்.

மித்ராவைக் கூப்பிட்டுச் சொன்னேன். செய்தி வாசிக்கிற தமிழ் எனக்கு ஓடவில்லை, என் பேச்சில்தான் சொன்னேன்.

"ஆளெல்லாம் இறங்கியாச்சு. கரண்ட் வரும்."

"ஆளெல்லாம் இறங்கியாச்சு. கரண்ட் வரும்" என்றாள்.

அப்புறம்தான் வேலை முடிந்தது, கரண்ட் விடலாம் என்று லூர்துசாமி அண்ணனிடம் லைனைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் பகுதி முழுவதும் அந்த ஒரு நிமிஷம் இருட்டில் காத்திருந்தது. இதை ஆபீஸ் ரிஜிஸ்டரில் எழுத முடியாது.

நான் வீட்டுக்குள் நுழையும்போது பூங்கொடி சரசு அக்காவின் போனில் இருந்தாள். மித்ராவின் அலறலைக் கேட்டிருக்கிறாள். பையைக் கட்டிவிட்டாளாம், ராத்திரி வண்டிக்குக் கிளம்புகிறாளாம். எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். "இதைத்தான் தினமும் சொல்றீங்க" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கியது, கைக்காயம், வீடியோவில் அதை மறைத்தது, ஐந்து மணி என்று நான் எழுதிவைத்தது. கடைசியில் மித்ராவிடம் போனைக் கொடுங்கள் என்றாள், ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"சாமி, அம்மா வரட்டுமா?"

"அம்மா வரட்டுமா" என்றாள் மித்ரா.

பூங்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. "பாருங்க, என்னைக் கேக்கறா. நான் வர்றேன்."

"இரு" என்றேன். "அவ இன்னும் பதில் சொல்லல. நீ சொன்னது வந்து சேந்துருச்சுன்னு சொல்லியிருக்கா, அவ்ளோதான். கொஞ்சம் இரு."

இரண்டு பேரும் காத்திருந்தோம். மித்ரா ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினாள், திருப்பி வைத்தாள். மறுபடி திருகினாள். இவ்வளவு நேரம் அவளுக்கு நாங்கள் கொடுத்ததே இல்லை. அதற்குள் எப்போதும் வேறு எதையாவது கேட்டுவிடுவோம்.

பிறகு போனைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா ஆகஸ்ட் பதினாறு காலை வருவார்."

ஐந்து மணி தவறியதற்கே என்ன ஆனது என்று பூங்கொடியும் காதால் கேட்டிருக்கிறாள், சொன்ன தேதியை இனி மாற்ற முடியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அம்மா ஆகஸ்ட் பதினாறு காலை வருவார்."

மித்ரா போனை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பையைப் பிரித்து வைக்கிறேன் என்று பூங்கொடி சொன்னாள். இன்று ஐந்து நிமிஷம் பேசினோம். கைக்காயத்தைக் காட்டச் சொன்னாள். ஆறிவருகிறது, தழும்பு நிற்கும் என்றாள்.

ஜூலை 29, செவ்வாய்

ஷர்மிளா மேடத்திடம் என் கண்டுபிடிப்பை விலாவாரியாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு வாரம் முன்னாடி இதைத்தான் சார் சொன்னேன். நீங்க போனைப் பாத்துட்டிருந்தீங்க" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. சரசு அக்கா தேங்காய்ப்பால் கொண்டுவந்தார். தயிர்சாதம் மாதிரி வெள்ளையாக இருந்ததால் மித்ரா குடித்தாள்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று இப்போது நேராக என்னிடமே கேட்கிறாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்று முழுசாகச் சொல்கிறேன். மறுபடி கேட்கிறாள். எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆனாலும் ஒரு கட்டத்தில் என் குரல் தானாக ஏறிவிட்டது, காதைப் பொத்திக்கொண்டாள். டப்பாவுக்குப் பசிக்காது, தூக்கம் வராது, வெயிலில் கம்பம் ஏறவும் வேண்டாம். அதனோடு போட்டி போட என்னால் ஆகாது. பழைய பதிலை மறுபடி எழுதிவைத்து, மிச்சத்தை நீயே சொல் என்று அதனிடம் விட்டுவிட்டேன். சிரமம் பாராமல் சொன்னது.

அதை இனி நிலா என்றே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

வீட்டில் இன்வெர்ட்டர் மாட்டியாயிற்று. டீக்கடையில் எதிர்பார்த்த அதே கேள்வியைக் கேட்டார்கள். ஆமாம், என் கரண்ட்டை நான் நம்புவதில்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டீ நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

விடியுமுன்பே மித்ரா எழுந்து தயாராகிவிட்டாள். நிலா வணக்கம் சொல்லும்போது அவள் பல் தேய்த்து முடித்திருந்தாள். பேருந்தில் திருப்பூர் போனோம். கூட்டத்தைக் கண்டு நான்தான் பதறினேன். அவள் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டு வந்தாள்.

ரயில் கொஞ்சம் தாமதம். இதற்கும் முன்னேற்பாடாக, வண்டி வரும்போதுதான் வரும், வந்ததும் அப்பா சொல்வேன் என்று நேற்றே சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்லவும் வைத்திருந்தேன். ரயில் வந்தது. மித்ரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பூங்கொடியின் பெட்டி எங்களுக்கு முன்னாலேயே நின்றது. ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு இறங்கியது. ஒரு பெரியவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் பூங்கொடி. பையைக் கீழே போட்டுவிட்டு எங்களைப் பார்த்து நின்றாள். ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. எனக்குத் தெரியும். தூக்கவில்லை. காத்திருந்தாள்.

மித்ரா அவளைப் பார்க்கவில்லை. பெட்டியின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி இறங்க யாரும் இல்லை என்று ஆகும்வரை பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ஆளெல்லாம் இறங்கியாச்சு. கரண்ட் வரும்."

"என்னங்க சொல்றா?" என்று பூங்கொடி என்னைக் கேட்டாள். முதலில் பதில் சொல்ல வேண்டியது மித்ராவுக்கு. குனிந்து, அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"ஆளெல்லாம் இறங்கியாச்சு. கரண்ட் வரும்."

காதிலிருந்து ஒரு கையை எடுத்தாள். தழும்பு இருக்கிற கை. அதை அம்மாவிடம் நீட்டினாள். பூங்கொடி பிடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்ப ஊதியது. திறந்திருந்த காதை என் உள்ளங்கையால் பொத்தினேன். தலையில் யார் கை வைத்தாலும் அவளுக்கு ஆகாது. இன்று தட்டிவிடவில்லை.